வந்த காரணம்: சும்மா

நான் ஒரு கட்டுப்பாட்டுக் குழு. குழு என்றதும் பல பேர் என்று நினைக்க வேண்டாம். நான் ஒருவன்தான். பதினோரு ஆண்டுகளாகப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் எண் அறையில் இருக்கிறேன். எனக்கு எதுவும் நடக்கக் கூடாது. அதுதான் என் வேலை.

கேட்க லேசாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். எனக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்தவருக்கு இரண்டாம் நாளே கல்யாணம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் வந்தவர் ஒரு நாள் மத்தியானம் ஜன்னல் வழியாக ஒரு மயிலைப் பார்த்துத் தொலைத்தார். இரண்டு பேரையும் அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். நான் பதினோரு ஆண்டு தாக்குப்பிடித்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆராய்ச்சி இதுதான். ஒரு மனிதரின் சட்டைப்பையில் ஒரு தட்டைப்பயறு இருக்கிறது. அது எதனால் முளைக்கும்? நான்கு துறைகள் சேர்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டன. முதல் அறையில் கல்வியியல் துறை, ஆட்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தியது. இரண்டாம் அறையில் இயற்கை அறிவியல் துறை வெளிச்சம் காட்டியது. மூன்றாம் அறையில் வேளாண்மைத் துறை ஆட்களைத் தொட்டியில் நிற்க வைத்துத் தொழுவுரம் போட்டது. நான்காம் அறையில் நிதித்துறை, 'நாளைக்குத் தண்ணீர் ஊற்றுவோம்' என்று தினமும் வாக்குக் கொடுத்தது. ஐந்தாம் அறையில் நான் இருந்தேன். என் பையிலும் ஒரு பயறு இருந்தது. எனக்கு மட்டும் யாரும் எதுவும் செய்யவில்லை.

மற்ற நான்கு அறைகளிலும் முளைத்தது. கல்வியியல் துறையின் முளைகள் வருகைப் பதிவு எடுக்கும்போது தலையைத் தூக்கின. வேளாண்மைத் துறையில் ஆட்களுக்கும் சேர்த்துக் கிளை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டியிருந்தது. நிதித்துறை மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் செலவழிக்காமல், நாளை நாளை என்றே ஒரு பயறை முளைக்க வைப்பது சாதாரணத் திறமை இல்லை.

என் பயறு முளைக்கவில்லை. முளைக்கக் கூடாது. அது முளைக்காமல் இருப்பதால்தான் மற்றவை முளைத்ததற்கு அர்த்தம் இருந்தது.

என் பெயர் ஆவுடையப்பன். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒரு நிகழ்ச்சி என்பதால் என்னைக் 'கட்டுப்பாடு சார்' என்று கூப்பிட்டார்கள். எனக்கு டீ கிடையாது. டீ குடித்தால் மனிதருக்கு ஏதோ நடக்கிறது என்று இயற்கை அறிவியல் துறை கண்டுபிடித்திருக்கிறது. நான் நடப்பதும் கிடையாது. நடந்தால் ஏதோ நடந்தது என்று ஆகிவிடும். எங்காவது போக வேண்டியிருந்தால் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். அப்படித் தூக்குவது எனக்கு நடப்பது அல்ல, நாற்காலிக்கு நடப்பது என்று ஒரு தீர்மானமே போட்டிருக்கிறார்கள்.

நான்கு துறைக்கும் சேர்த்து ஆய்வாளர் ஒருவர்தான். அவர் பெயர் உலகம்மாள். தென்காசிப் பக்கம். இருபத்தேழு வயதில் வந்தார். இப்போது முப்பத்தெட்டு.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு வருவார். ஆராய்ச்சி ஒரு வருடம் வளர்ந்தால் வராந்தாவும் கொஞ்சம் வளரும். முதல் வருடம் அவருடைய செருப்புச் சத்தம் பத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் கேட்கத் தொடங்கியது. பதினோராம் வருடம் ஒன்பதரைக்கே கேட்டது. ஒரு நாள்கூட அவர் தாமதமாக வந்ததில்லை. வராந்தா நீள நீள அவர் வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பினார். வராந்தாவைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை.

வந்ததும் வாசலில் இருக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். வந்த காரணம் என்ற கட்டத்தில் 'ஆய்வு' என்று எழுதுவார். பிறகு என்னிடம் நாற்பது கேள்விகள் கேட்பார்.

"போன மாசம் ஏதாவது கத்துக்கிட்டீங்களா?"

"இல்லை."

"யாராவது வாக்குக் கொடுத்தாங்களா?"

"இல்லை."

நாற்பதுக்கும் இல்லைதான். அவர் நாற்பது முறையும் 'இல்லை' என்று முழுதாக எழுதுவார். மேற்படி என்று போட்டதில்லை. கீழே கோடு இழுத்ததில்லை. ஒவ்வொரு இல்லையையும் அப்போதுதான் முதல்முறை கேட்பவரைப் போல நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதுவார். பதினோரு ஆண்டில் ஐயாயிரத்து இருநூற்று எண்பது இல்லை. அத்தனையும் அழகான கையெழுத்து. பிறகு பையிலுள்ள பயறை மூன்று முறை அளந்து சராசரி எடுப்பார். மாறாத ஒன்றை மூன்று முறை அளப்பதற்கு ஒரு மனசு வேண்டும். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை எந்தப் படிவத்திலும் நான் எழுதியதில்லை.

விதிகள் இரண்டு இருந்தன. கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஏதாவது நடந்துவிட்டால் ஆய்வு செல்லாது. பதினோரு ஆண்டுக்குள் ஆய்வு முடியாவிட்டால் ஆய்வாளர் கட்டடத்தின் ஒரு பகுதியாகக் கருதப்படுவார். உலகம்மாளுக்கு முந்திய ஆய்வாளர் இப்போது மாடிப்படிக் கைப்பிடி. நல்ல மனிதர். மழைக்காலத்தில் அவரைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் ஏறுகிறார்கள்.

உலகம்மாள் முடித்துவிட்டார். கடைசி மாத வினாத்தாளும் முடிந்தது. ஆய்வேடு அச்சாகி வந்தது. வாய்மொழித் தேர்வு மட்டும்தான் பாக்கி.

அந்தச் சமயத்தில் ஒரு வியாழக்கிழமை அவருடைய வழிகாட்டி, பேராசிரியர் தேவசகாயம், மழைமானி ஆகிவிட்டார். சோதனை வயலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே ஆகிவிட்டாராம். மேலே பித்தளைப் புனல், கீழே கண்ணாடிக் குழாய். மூக்குக்கண்ணாடி மட்டும் பழையபடி இருந்தது. வழிகாட்டி எந்த உருவத்திலும் தொடரலாம், அளவு காட்டினால் போதும் என்று விதி இருப்பதால் நிர்வாகத்துக்குச் சிக்கல் இல்லை. ஆனால் பேராசிரியர் பூஜ்யத்தையே காட்டிக்கொண்டிருந்தார். அது கோடைக்காலம்.

சனிக்கிழமை உலகம்மாள் என் அறைக்கு வந்தார்.

அன்று ஒன்றாம் தேதி இல்லை. செருப்புச் சத்தம் கேட்கவில்லை. வராந்தா அன்று நான்கு எட்டு வைக்கும் நீளம்தான் இருந்தது. அவர் கையில் வினாத்தாள் இல்லை, ஸ்கேல் இல்லை. வாசலில் பதிவேட்டைத் திறந்தார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்தார். 'ஆய்வு' என்று எழுதியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவருக்குப் பொய் எழுத வராது. பதிவேட்டில்கூட வராது. 'சும்மா' என்று எழுதினார்.

எனக்கு ஊற்றப்படாத தண்ணீருக்காக அறையில் ஒரு வாளி உண்டு. அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. மின்விசிறி ஓடியது. இருபது நிமிடம் இருந்தார். நடுவில் கண்ணைத் துடைத்தாரா என்று தெரியாது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து வாளியை நிமிர்த்தி வைத்தார்.

"வாரேன் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினோரு ஆண்டில் அந்த அறையில் யாரும் என்னை அண்ணாச்சி என்று சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சட்டைப்பையில் குறுகுறுவென்றது. எட்டிப் பார்த்தேன். பயறு முளைத்திருந்தது.

வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். பிள்ளை பெற்றதுபோல ஒரு சந்தோஷம் வந்ததையும் மறைக்க மாட்டேன். ஆனால் சந்தோஷப்பட்டால் அதுவும் ஒரு நிகழ்ச்சி. உடனே நிறுத்திக்கொண்டேன். அந்த முளையைக் கிள்ளிப் போட்டால் உலகம்மாள் முனைவர். விட்டால் அவர் கட்டடம். விரலை இரண்டு முறை பையருகே கொண்டுபோனேன். கிள்ள முடியவில்லை. சட்டைப்பையின் பொத்தானை மட்டும் போட்டேன்.

மாதம் ஒரு தடவை அலுவலகம் என்னிடம் வரும். ஜன்னலோடு வரும். ஜன்னலுக்குப் பின்னால் கண்காணிப்பாளர் ஜெபமணி உட்கார்ந்திருப்பார். அந்த ஒன்றாம் தேதியும் வந்தது.

"ஒன்றுமில்லைப் படிவம்," என்று நீட்டினார் ஜெபமணி.

"ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஆதாரம் எங்க வே?"

வழக்கம்போல வெறும் கையைக் காட்டினேன். வழக்கம்போல அதை நகல் எடுத்தார். நகலில் என் உள்ளங்கையில் இல்லாத ஒரு பச்சைக் கோடு விழுந்திருந்தது.

ஜெபமணி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மெஷின்ல மை சரியில்ல," என்றார். முத்திரை குத்தினார். ஜன்னல் போய்விட்டது. அவருக்குத் தெரிந்துதான் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் வாய்மொழித் தேர்வு. என்னை நாற்காலியோடு தூக்கிப்போய் மன்றத்தில் வைத்தார்கள். மேசைமேல் பேராசிரியர் தேவசகாயத்தை வைத்திருந்தார்கள். நான்கு துறைத் தலைவர்களும் தங்கள் நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு எங்கோ போயிருந்தார்கள். துண்டுகள் கவனமாகக் கேட்டன. ஜெபமணி ஜன்னலோடு ஓரத்தில் இருந்தார். வெளித்தேர்வாளர் வைத்தீஸ்வரன் வடக்கே இருந்து வந்திருந்தார். முப்பத்திரண்டு வருட சர்வீஸ். ஒரு கமாவைக்கூட விடாமல் படிக்கிறவர் என்று பெயர். அவர் ஆய்வேட்டைப் படித்துவிட்டார். கூடவே பதிவேட்டையும் படித்துவிட்டார்.

"ஒரு சனிக்கிழமை கட்டுப்பாட்டுக் குழுவைப் பாக்கப் போயிருக்கீங்க," என்றார்.

"ஆமா சார்," என்றார் உலகம்மாள்.

"காரணம்னு போட்ட எடத்துல சும்மான்னு இருக்கு."

"ஆமா சார்."

"சும்மான்னா?"

"சும்மாதான் சார்."

"ஏதாவது கேட்டீங்களா?"

"இல்ல சார்."

"அளந்தீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னதான் பண்ணீங்க?"

"உக்காந்திருந்தேன்."

"எதுக்கு?"

"சும்மா."

வெளித்தேர்வாளர் ஜெபமணி பக்கம் திரும்பினார். ஜெபமணி பெரிய புத்தகம் ஒன்றைப் புரட்டினார்.

"அந்தக் காரணத்துக்கு நம்மகிட்ட குறியீட்டு எண் கெடையாது சார்," என்றார்.

வெளித்தேர்வாளர் நெடுநேரம் யோசித்தார். வெளியே வராந்தா ஒரு மீட்டர் நீளும் சத்தம் கேட்டது. கடைசியில் விரலைத் தூக்கினார்.

"சும்மான்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். ஒண்ணுமில்லாம வந்தாங்க, ஒண்ணும் செய்யல, போயிட்டாங்க. ஆகவே ஒண்ணும் நடக்கல. ஆய்வு செல்லும்."

நல்ல வாதம். துண்டுகளுக்கும் திருப்தி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சம்பிரதாயத்துக்கு ஒரு கேள்வி," என்று என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது நடந்துதா?"

"இல்லை," என்றேன்.

அது என்னுடைய ஐயாயிரத்து இருநூற்று எண்பத்தோராவது இல்லை. வாய்விட்டுச் சொன்ன முதல் பொய். சொன்ன மாத்திரத்தில் பைக்குள் முளை நிமிர்ந்தது. பொத்தானுக்கு மேலே இரண்டு இலை எட்டிப் பார்த்தது. சட்டென்று வலது கையை நெஞ்சில் வைத்து மூடினேன். நாட்டுப்பற்று என்று நினைத்து வெளித்தேர்வாளரும் எழுந்து நின்றார்.

உலகம்மாள் மட்டும் பார்த்துவிட்டார். பதினோரு ஆண்டாக அந்தப் பையைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் கண்ணால் கெஞ்சினேன். பேசாமல் இரு தாயே. இன்னும் ஐந்து நிமிடம். கையெழுத்துப் போட்டுவிடுவார், நீ முனைவர், நான் இந்தக் கையை ஆயுசுக்கும் எடுக்க மாட்டேன்.

"கைய எடுங்க அண்ணாச்சி," என்றார்.

"வேண்டாம்."

"எடுங்க."

எடுத்தேன். அவர் தன் தோள்பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு என் அருகே வந்தார். குனிந்து அளந்தார். இன்னொரு முறை அளந்தார். மூன்றாம் முறையும் அளந்தார். ஸ்கேல் அசையாமல் நின்றது. என் நெஞ்சுதான் ஸ்கேலுக்கு அடியில் குதித்தது.

"ஒண்ணு புள்ளி நாலு சென்டிமீட்டர்," என்று சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு வெளித்தேர்வாளரிடம் திரும்பினார். "அந்தச் சனிக்கிழமை நாந்தான் சார் போனேன். அதுலதான் மொளச்சிருக்கு. இவருக்கு நடந்துட்டு சார். ஆய்வு செல்லாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்படியும் ஒரு மனுஷி உண்டா என்று இருந்தது. இப்படியும் ஒரு மனுஷி உண்டே என்றும் இருந்தது.

வெளியே மாடிப்படிக் கைப்பிடி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

அப்போது மேசைமேல் 'டக்' என்று ஒரு சத்தம். எல்லோரும் பேராசிரியர் தேவசகாயத்தைப் பார்த்தோம். வெளித்தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குழாயை உற்றுப் பார்த்தார்.

"பூஜ்யம் புள்ளி ரெண்டு மில்லிமீட்டர்," என்றார்.

மழை பெய்யவில்லை. நாங்கள் கூரைக்குக் கீழே இருந்தோம். கூரை ஒழுகவும் இல்லை. உலகம்மாள் அந்த அளவையும் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் குழாயையே பார்த்தார்.

"வழிகாட்டி கருத்து சொல்லிட்டார்," என்று வெளித்தேர்வாளர் உட்கார்ந்தார். ஆய்வேட்டைத் திருப்பினார். "நாலு ரூம்லயும் மொத மாசத்துல எவ்வளவு மொளச்சிருக்கு?"

"மொத மாசம் ஒண்ணும் மொளைக்கல சார். ஒரு சென்டிமீட்டர் வர்றதுக்கே நாலு வருசம் ஆச்சு."

"இது?"

"ஒரு மாசம்கூட ஆகல."

"எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"இருவது நிமிசம்."

வெளித்தேர்வாளர் ஆய்வேட்டை மூடினார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது.

"அப்ப இது வேற ஆராய்ச்சிம்மா. தலைப்பே வேற. மொதல் வருஷத்துல இருந்து ஆரம்பிக்கணும். செய்வீங்களா?"

"சரி சார்," என்றார் உலகம்மாள். இன்னொரு கையெழுத்துப் போடச் சொன்னதுபோலத்தான் சொன்னார். வெளியே வராந்தா சரசரவென்று சுருங்கி முதல் வருட நீளத்துக்கு வந்து நின்றது. கைப்பிடி பழைய இடத்துக்குத் திரும்பியது.

ஜெபமணி புதுப் படிவம் எடுத்தார். "கட்டுப்பாட்டுக் குழு ஒண்ணு வேணுமே சார். எதுவும் நடக்காத ஆளா இருக்கணும்." ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "சாருக்கு ஏதாவது நடந்துருக்கா?"

வெளித்தேர்வாளர் யோசித்தார். நன்றாகவே யோசித்தார்.

"முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்," என்று ஆரம்பித்தார். பிறகு நிறுத்தினார். "இல்லை," என்றார்.

நான் நாற்காலியைவிட்டு எழுந்தேன். அவர் உட்கார்ந்தார். வசதியாகத்தான் இருக்கிறது என்றார். அவர் பையில் ஒரு பயறு போட்டார்கள்.

"டீ கிடைக்குமா?" என்று கேட்டார்.

"கெடையாது சார்," என்றார் ஜெபமணி.

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் என் காலால் மன்றத்தைவிட்டு வெளியே வந்தேன். நடந்தது.

எனக்கு ஆறாம் எண் அறை கொடுத்தார்கள். வாசலில் புதுப் பதிவேடு. உள்ளே ஒரு வாளி. இப்போது நான்தான் சோதனைக் குழு. எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். யாராவது சும்மா வர வேண்டும்.

திங்கட்கிழமை உலகம்மாள் வந்தார். தோளில் பழைய பை. பதிவேட்டைத் திறந்து பெயர் எழுதினார், தேதி எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. 'சும்மா' என்று எழுதினால் பொய். இது ஆய்வுக்கான வருகை. 'ஆய்வு' என்று எழுதினாலும் பொய். ஆய்வுக்காக வந்தால் அது சும்மா வந்ததாகாது, சும்மா வராவிட்டால் ஆய்வே இல்லை. அவர் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். நிழல் சுவரில் நகர்ந்தது. வராந்தாக் கோடியிலிருந்து ஜெபமணியின் ஜன்னல் எட்டிப் பார்த்தது. எத்தனையோ கேள்வி கேட்ட மனுஷி, ஒரு சின்னக் கட்டத்துக்கு முன்னால் நின்று தவிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தேன். இப்போது எனக்குப் பார்க்க அனுமதி உண்டு.

கடைசியில் கட்டத்தைக் காலியாக விட்டார். பதினோரு ஆண்டில் அவர் காலியாக விட்ட முதல் கட்டம் அது.

உள்ளே வந்து வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் நோட்டை மடியில் விரித்தார். பேனாவையும் திறந்துவிட்டார். மின்விசிறி ஓடியது. என் பையில் ஏதோ நெளிந்தது. நான் மறைக்கவில்லை.

"டீ குடிச்சீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.